வாய் மூடிச் சிரிக்க வேண்டாம்

(மகளிர் தினக் கூட்டத்தில் நமது கூட்டமைப்பின் சுகாதார உபகுழு சார்பில் பேசிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுவதும் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



போன கூட்டத்தில் போட்டோ எடுத்தோம், ஞாபகம் இருக்குதுங்களா? எல்லோரும் சிரிங்க என்று போட்டோக்காரத் தம்பி சொன்னதும், நம்மில் பாதிப் பேர் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனோம். வெட்கம் என்று அவர் நினைத்திருப்பார். நமக்குத்தான் தெரியும், அது பல்லை மறைக்கிற பழக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இன்றைக்கு அந்தப் பல்லைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பல்லுக்கு மேல் வெள்ளையாக ஓடு ஒட்டிக்கொள்கிற 'வெனீர்' சிகிச்சையைப் பற்றியும் பேசப் போகிறோம். அதற்காகக் கடன் கேட்டு வந்த ஒரு அக்காவிடம் நாங்கள் செய்த தவறையும் உங்கள் முன்னால் சொல்லப் போகிறோம்.

ஒரு கடன் மனு

2022-ஆம் வருஷம் தை மாதம். நம் குழு ஒன்றில் அந்த அக்கா பதினோரு வருஷமாக உறுப்பினர். சேமிப்பு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து, 80,000 ரூபாய் உள்கடன் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதற்கு, "பாப்பாவுக்குப் பல்லுக்கு" என்றார்.

எங்களில் ஒருத்தர் சிரித்துவிட்டோம். அதுதான் முதல் தவறு.

விஷயம் இதுதான். பெண் பார்க்க வந்தார்கள். பெண் டிகிரி முடித்தவள், வீட்டுக்கு மூத்தவள். காபி கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஊருக்குப் போனபின் தரகர் மூலம் சேதி வந்தது. "எல்லாம் பிடிச்சிருக்குது. பல்லை மட்டும் சரி பண்ணிக் குடுத்தா மேற்கொண்டு பேசலாம்." நகரத்தில் ஒரு பல் கிளினிக்கில் விசாரித்தார்கள். மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர், பல்லுக்குப் பத்தாயிரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் 80,000.

அரை மணி நேரம் பேசினோம். "மாட்டுக்குக் கடன் உண்டு, படிப்புக்கு உண்டு, ஆஸ்பத்திரிக்கு உண்டு. அழகுக்கு எல்லாம் குழுப் பணமா?" என்றார் ஒருவர். "பல்லைத் தினம் ஒழுங்கா விளக்கியிருந்தா இந்தக் கதி வருமா?" என்றார் இன்னொருவர். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில், 'அழகுச் செலவுக்குக் கடன் வழங்குவதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

பத்து நாள் கழித்துத் தெரிந்தது, மூணு ரூபாய் வட்டிக்கு வெளியில் பணம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80,000-க்கு மூணு ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,400. வருஷத்துக்கு 28,800. அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியிலிருந்து வெளியே வரத்தானே நாம் குழு ஆரம்பித்தோம்? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலில் 1989-ல் துவங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அந்த மாவட்டத்து உறுப்பினரை நாமே வட்டிக்காரர் வாசலுக்கு அனுப்பி வைத்தோம்.

அன்றைக்கு ராத்திரி ஊக்குநரும் பிரதிநிதியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். வெளியில் பணம் வாங்க வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள், நாங்களும் கூட வந்து விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அப்படி விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

இது விளக்காத பல் இல்லை

முதலில் நம் மனதிலிருக்கும் ஒரு தப்பை எடுத்துவிட வேண்டும். இந்த மஞ்சளும் காவியும் அழுக்கு இல்லை. பல் விளக்காததால் வந்தது இல்லை. பரம்பரை நோயும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் இருக்கிறதே என்றால், இரண்டு பேரும் குடித்தது ஒரே போர் தண்ணீர்.

நம் பூமிக்கு அடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையில் ஃபுளோரைடு என்கிற உப்பு இருக்கிறது. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தங்கி நிற்கும் தண்ணீரில் அது கரைகிறது. அந்தக் காலத்துத் திறந்த கிணறு மழைத் தண்ணீரில் நிரம்பியது. கிணறு வற்றி, நாம் நூற்றுக்கணக்கான அடிக்கு போர் போட்டதும், அடிப்பாறைத் தண்ணீர் மேலே வந்துவிட்டது. பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது.

குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் உடம்பு கணக்கு வைக்க ஆரம்பிக்கும். நம் நாட்டில் இந்த வியாதியைக் கண்டுபிடித்து எழுதியது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பக்கத்தில். எலும்பு இறுகி, முதுகு வளைய முடியாமல் போன விவசாயிகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். எலும்பில் தெரிவதற்குப் பல வருஷம் ஆகும். பல்லில் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும்.

எப்படி என்று கேளுங்கள். குழந்தைக்குப் பால்பல் இருக்கும்போதே, அதற்கு மேலே ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டு இருக்கும். அதன் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். அந்தப் பூச்சு உருவாகும் காலத்தில் ஃபுளோரைடு அதிகமாகப் போனால் பூச்சு சரியாக இறுகாது, துளை துளையாக நிற்கும். பல் முளைத்து வெளியே வந்தபின் அந்தத் துளைகளில் வெளிச்சாயம் ஏறி மஞ்சளாகி, அப்புறம் காவியாகும். ரொம்ப அதிகமாக இருந்தால் பல்லில் குழி விழும்.

சிரிக்கும்போது தெரியும் முன்பல்லுக்கு முதல் மூன்று வருஷம்தான் முக்கியமான காலம். மற்ற பற்களுக்கு ஏறக்குறைய எட்டு வயது வரை. அப்படியென்றால் அந்த அக்கா மகளுக்கு இருபத்தி இரண்டாம் வயதில் பெண் பார்க்க வந்தபோது தெரிந்த கறை, அவள் இடுப்பில் இருந்த காலத்திலேயே குடத்துத் தண்ணீரில் வந்தது. இதில் அவள் செய்த தப்பு என்ன? அவள் அம்மா செய்த தப்புதான் என்ன?

இதைக் கேட்டபோது, "ஒழுங்கா விளக்கியிருந்தா" என்று கூட்டத்தில் பேசியவர் தலையைக் குனிந்துகொண்டார். செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி, உப்பு என்று போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இருக்கிற எனாமலையும் கரைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் தேய்த்திருக்கிறார்கள்.

வெனீர் என்றால் என்ன?

வெனீர் என்பது பீங்கானால் செய்த மெல்லிய ஓடு. நம் விரல் நகம் அளவுக்குத்தான் கனம், அரை மில்லிமீட்டர் பக்கம். பல்லின் முன்பக்கத்தை லேசாகச் சீவி, அச்சு எடுத்து, லேபில் ஓடு செய்து வாங்கி, பசை போட்டு ஒட்டுவார்கள். இது சினிமாவுக்காகப் பிறந்தது. 1928-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் பின்கஸ் என்கிற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்குச் செய்து கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்களாம். பல்லோடு நிலையாக ஒட்டுகிற முறை 1980-களில்தான் வந்தது.

நம் பாஷையில் சொன்னால், சுவரில் டைல்ஸ் ஒட்டுவது மாதிரி. ஒட்டுவதற்கு முன் கொத்தனார் பூச்சைக் கொத்திவிடுவார் இல்லையா? அதே மாதிரி எனாமலைச் சீவுகிறார்கள். சுவரை மறுபடி பூசிக்கொள்ளலாம். எனாமல் ஒருதரம் போனால் திரும்ப வளராது. ஒருதரம் பல்லைச் சீவி வெனீர் போட்டால் ஆயுசுக்கும் அந்தப் பல்லுக்கு மேல் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பீங்கான் ஓடு நன்றாகச் செய்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். அதற்கு மேலும் உழைப்பது உண்டு. ஆனால் 22 வயதில் போட்டால், 35, 37-ல் ஒருதரம், 50-ல் ஒருதரம் மாற்ற வேண்டி வரலாம். 80,000 என்பது ஒருதரம் கட்டுகிற பணம் இல்லை. கிளினிக்கில் அந்த அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை.

வெனீரே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குழி விழுந்த பல், ஆழமாகக் காவி ஏறிய பல், ஓரம் உடைந்த பல் இவற்றுக்கு அது நல்ல சிகிச்சைதான். தகுதியான மருத்துவர் செய்து, நன்றாகச் சிரிக்கிறவர்களை நாங்களே பார்த்தோம். ஆனால் எல்லோருக்கும் முதலில் செய்ய வேண்டியது அது இல்லை.

அதற்கு முன் இருக்கிற படிகள்

அந்த மாதக் கடைசியில் நாங்கள் நாலு பேர், அந்த அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த மருத்துவர் அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே சொல்கிறோம்.

முதல் படி, சுத்தம் செய்வது. சொத்தை இருந்தால் அடைப்பது, ஈறு வீங்கி ரத்தம் வந்தால் அதைச் சரி செய்வது. வெற்றிலை, புகையிலைக் கறையும் ஃபுளோரைடு கறையும் கலந்தே இருக்கும். சுத்தம் செய்தாலே பாதிக் கறை போய்விடுகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி, மேலாகத் தேய்ப்பது. மென்மையான அமிலமும் ஒருவகைப் பொடியும் கலந்த பசையை மருத்துவரே பல்லில் தேய்த்து, கறை ஏறிய மேல்பரப்பை மட்டும் மிக மெல்லியதாக எடுப்பார். மேலாக இருக்கிற காவிக்கு இது நன்றாகக் கேட்கும். பார்த்துவிட்டு வீட்டில் எலுமிச்சம்பழம், ஆப்பசோடா என்று யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம்! அது பல்லை அரித்துவிடும்.

மூன்றாம் படி, வெளுப்பது. துணியை வெளுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் பல் கூசும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அப்போதைக்குத் தள்ளிப் போட வேண்டும்.

நான்காம் படி, பல் நிறத்திலேயே இருக்கும் பசையை முன்பக்கம் பூசி, விளக்கொளி காட்டி இறுக வைப்பது. கம்போசிட் என்பார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், பல்லைச் சீவுவதும் குறைவு, செலவும் பீங்கானைவிடக் குறைவு. ஆயுசும் குறைவுதான். ஐந்து, ஏழு வருஷத்தில் நிறம் மங்கும், ஓரம் பெயரும். திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

இவ்வளவும் போதாது என்றால்தான் ஐந்தாம் படியாகப் பீங்கான் வெனீர். ஃபுளோரைடு பாதித்த எனாமலில் பசை ஒட்டுவது சாதாரணப் பல்லில் ஒட்டுவதைவிடச் சிரமம், அதனால் அனுபவம் உள்ளவர் கையால்தான் செய்துகொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பல்லைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன வேணும்மா?" என்பது. அதுவரை நாங்கள் யாருமே அவளை அதைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதைப் பேசினோம். அம்மா கேட்டதைப் பேசினோம். அவள் சொன்னாள்: "எட்டுப் பல்லும் சினிமாக்காரங்க மாதிரி வெள்ளையா வேண்டாங்க. இந்த முன்னாடி ரெண்டு பல்லு காவிதான் எனக்குக் கஷ்டமா இருக்குது. இன்டர்வியூவுல பேசும்போது கை தானா வாய்க்குப் போயிடுது."

சுத்தம் செய்து, இரண்டு மூன்று தடவை தேய்த்து, முன்னால் இரண்டு பல்லுக்கு மட்டும் கம்போசிட் பூசினார்கள். கல்லூரி மருத்துவமனை என்பதால், பஸ் சார்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்தும், கேட்ட கடனில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்தப் பணத்தைக் குழுவிலிருந்தே மருத்துவக் கடனாகக் கொடுத்தோம். ரூபாய் வட்டிதான். ஆறு மாதத்தில் கட்டி முடித்துவிட்டார்.

அவசரத்தில் பல் இழந்த கதையும் உண்டு

இதே காலத்தில் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்தது வேறு. கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, குறைந்த விலைக்கு வெனீர் என்று விளம்பரம் பார்த்துப் போயிருக்கிறார்கள். செய்தவர் உண்மையில் பல் மருத்துவர்தானா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பல்லைத் தேவைக்கு மேல் சீவிவிட்டார். நாலே மாதத்தில் இரண்டு ஓடு பெயர்ந்துவிட்டது. உள்ளே இருப்பது குச்சி மாதிரி பல். தண்ணீர் பட்டால் கூச்சம், காற்றுப் பட்டால் கூச்சம். இப்போது வேறு இடத்தில் வேர் சிகிச்சை செய்து, முழுப் பல்லுக்கும் உறை போட்டு வருகிறாள். முதலில் செலவானதைவிட இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

ஆகவே வெனீர் போட விரும்பும் சகோதரிகள், நாற்காலியில் உட்காருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

1. மருத்துவர் பல் மருத்துவப் பட்டம் பெற்று, மாநிலப் பல் மருத்துவக் குழுவில் பதிவு செய்தவரா? பதிவு எண் போர்டிலோ சீட்டிலோ இருக்க வேண்டும். அழகு நிலையத்தில் வெனீர் போட்டுக்கொள்ளக் கூடாது.

2. என் பல்லுக்கு இதைவிடச் சின்ன சிகிச்சை போதுமா?

3. எவ்வளவு சீவுவீர்கள்? எத்தனை பல்? ஏன் அத்தனை பல்?

4. ஒட்டுவதற்கு முன் மாதிரி வைத்துக் காட்டுவீர்களா? பார்த்தபின் நிறத்தை மாற்றலாமா?

5. பெயர்ந்தால், உடைந்தால் யார் செலவு? எழுத்தில் தருவீர்களா? ரசீது உண்டா?

போட்டபின் செய்யக் கூடாததும் இருக்கிறது. கரும்பு கடிப்பது, முறுக்கு, எலும்பு கடிப்பது, பல்லால் மூடி திறப்பது கூடாது. தையல் வேலை செய்யும் சகோதரிகள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தை விட வேண்டும். ராத்திரி தூக்கத்தில் பல் கடிக்கிறவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வெனீர் ஒத்துவராது.

பல்லுக்கும் ஒரு சீரா?

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. "பல்லைச் சரி பண்ணிக் குடுங்க" என்று கேட்பதும் ஒரு வரதட்சணைதான். பவுன் கணக்கோடு பல் கணக்கும் சேர்ந்துவிட்டது. கேட்ட அந்த மாப்பிள்ளையும் நம் மாவட்டத்துக்காரர்தான். அவர் பல்லும் அதே தண்ணீரில் வளர்ந்த பல்தான். ஆம்பளைப் பல்லை யார் பார்த்தார்கள்?

அந்தச் சம்பந்தம் முடியவில்லை. பல் காரணம் இல்லை. பல் சரியானபின் அவர்கள் திரும்ப வந்தார்கள், பெண்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு வருத்தம்தான். இப்போது அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது, குழுக் கூட்டத்தில் எங்கள் வரவு செலவைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். கை வாய்க்குப் போகவில்லை.

ஒரு பெண் தனக்காகப் பல்லைச் சரி செய்ய ஆசைப்பட்டால் அது வீண் ஆடம்பரம் இல்லை. வேலைக்குப் போகிறவளுக்கு, நாலு பேர் முன்னால் பேசுகிறவளுக்கு அது தேவை. இதை நாங்கள் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. அடுத்தவர் மிரட்டலுக்காக, இருக்கிற நகையை அடகு வைத்துச் செய்தால் அது வேறு கதை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் குழு இருக்கிறது.

தங்கச்சி இன்னும் அதே தண்ணீர்தான் குடித்தாள்

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டார். "பெரியவளுக்குப் பூசியாச்சு. சின்னவ புள்ளைக்கு ஒண்ணரை வயசு. அது என்ன தண்ணி குடிக்குது?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்ன மகளுக்கு முன்னாடியே கல்யாணமாகி, குழந்தையோடு அம்மா வீட்டில்தான் இருந்தாள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுக்கிறார்கள், தெரியும்தானே? நம் குழுப் பெண்களே அதில் இருக்கிறார்கள். மறுநாள் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தெருவின் போர் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தோம். 1.5-ஐத் தாண்டி இருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வருகிறது, ஆனால் நாள் விட்டு நாள்தான். குழாயில் வராத நாளில் எல்லோரும் போர் தண்ணீரைத்தான் குடித்து வந்தார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்றுதான் அந்தத் திட்டத்துக்குப் பெயரே. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நம் பல்லையும் எலும்பையும் காப்பாற்றத்தான் காவிரித் தண்ணீர் மலை ஏறி வருகிறது. அதைத் துணி துவைக்கவும், போர் தண்ணீரைக் குடிக்கவும் வைத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்? வீட்டில் குடிக்க, சமைக்க ஆற்றுத் தண்ணீருக்குத் தனிக் குடம். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர். இதை இன்றிலிருந்தே செய்யலாம்.

இன்னும் சில செய்திகள்.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டியாகத்தான் ஆகும்.

கூரையில் விழும் மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது போட்ட குழாய் பல வீடுகளில் உடைந்து கிடக்கிறது. சரி செய்யுங்கள்.

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகவும் குறைவு. தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் அதிகம் இறங்காது. ஆகவே ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் கஞ்சிக்கும் கூழுக்கும் ஆற்றுத் தண்ணீர்தான்.

பிள்ளைகளுக்கு டீ வேண்டாம். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு. பற்பசையை ஆறு வயதுக்குள் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குள் அரிசி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

நம் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். கீரை, பால், நெல்லிக்காய், கொய்யா இவையும் உடம்புக்குக் காவல். வந்த கறையை இவை போக்காது. எலும்பைத் தாங்கிப் பிடிக்கும்.

மூட்டு வலி, முதுகு இறுக்கம், குனிந்து நிமிர முடியாமை இருக்கும் சகோதரிகள், வயசாச்சு என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஊர்த் தண்ணீரைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நமது தீர்மானம்

பழைய தீர்மானத்தை நாங்கள் கிழித்துப் போடவில்லை. புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது, நாங்கள் என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சியாக. அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினோம். பல் சிகிச்சை மருத்துவச் செலவே. கடன் கேட்கும் உறுப்பினருடன் குழுவிலிருந்து ஒருவர் மருத்துவமனைக்குக் கூடப் போக வேண்டும். சின்ன சிகிச்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிகிச்சை பெறுபவரின் விருப்பத்தை அவரிடமே கேட்க வேண்டும். அந்த வீட்டுக் குடிதண்ணீரை ஒருதரம் சோதித்துப் பார்க்க வேண்டும். சிரித்தவர்கள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தீர்மானத்தைக் கூட்டமைப்பின் எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கோரிக்கை.

இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் மடியில் குழந்தை வைத்திருக்கும் தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஏழு வயதில் முளைக்கப் போகும் பல் இப்போதே ஈறுக்குள் உருவாகிக்கொண்டு இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் குடத்தைப் பாருங்கள். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்.

கூட்டம் முடிந்து போட்டோ எடுக்கப் போகிறோம். பல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முந்தானையைக் கீழே விடுங்கள்.